கிணற்று நீருக்கு எல்லைக்கல் இல்லை

மாநகர சபையின் வரவுசெலவு, நீர், நிலம் ஆகியன பற்றி யாழ்ப்பாணத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்



மாநகர சபையின் முடிவுகளும் மக்களும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். இப்பொருளைக் கேட்டவுடன், "இது நகரத்தார் காரியம், தோட்டஞ் செய்யும் நமக்கு இதில் என்ன?" என்று இங்கு அமர்ந்திருக்கும் கமக்காரர் சிலர் எண்ணியிருக்கலாம். "வரவுசெலவு எழுதுவினைஞர் காரியம், நம் தொழிலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் ஆசிரியர்களும் எண்ணியிருக்கலாம். இவ்விரண்டு எண்ணங்களையும் இன்றோடு கைவிடுமாறு உங்களை வேண்டிக்கொள்ளவே இம்மேடையில் நிற்கின்றேன்.

மாநகர சபை ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றுகின்றது. நகருக்கு நீர் கிடைக்க வழிசெய்கின்றது. எந்தக் காணியில் எதனைக் கட்டலாம் என்பதில் தன் சொல்லைச் சொல்கின்றது. இவை மூன்றும் மூன்று கோப்புகளாக மூன்று மேசைகளிற் கிடக்கின்றன. வேறு ஊர்களில் அவ்வாறு கிடந்தாலும் பெருங்கேடு விளையாதிருக்கலாம். யாழ்ப்பாணத்திலோ மூன்றும் ஒரே முடிவு. மூன்றும் இறுதியிற் சென்று சேரும் இடம் நம் கிணறு.

நிலத்தின் கீழ் உள்ள முதல்

குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. மாரியில் ஓடிக் கோடையில் உலரும் வழுக்கை ஆறு ஒன்றே உண்டு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மழையே நமது முழுச் சம்பாத்தியம். அம்மழை குளங்களிலும் தரவைகளிலும் தேங்கி, சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடாகக் கீழிறங்குகின்றது. அங்கே கடலின் உவர்நீர் நாற்புறமிருந்தும் ஊடுருவி நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் பாரம் குறைந்ததாகையால், அதன்மேல் வில்லைபோல் மிதக்கின்றது.

இதற்கு விஞ்ஞானிகள் கூறும் கணக்கை ஒவ்வொரு கமக்காரரும் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் நிற்கும். மறுதலையாக, மேலே 1 அடி நீர் குறைந்து, குறைந்தபடியே நிலைத்துவிட்டால், கீழே 40 அடிக்கு உவர் மேலேறும். துலாவிலே ஏறி இறங்கி இறைத்த நம் பாட்டனார் இக்கணக்கை அறியாமலே அதற்கு அடங்கி வாழ்ந்தார். மனித உடம்பு களைத்துவிடும், இறைப்பும் நின்றுவிடும். நீர் இறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

இந்நீர் எங்கும் தொடர்பு பட்டது. சுண்ணாகத்துச் செய்தி இதனை யாவர்க்கும் உணர்த்தியது. அங்கே மின்னுற்பத்தி நிலையச் சூழலிலிருந்து எண்ணெய்க் கழிவு நிலத்தில் இறங்கியது. வேலிக்கு அப்பாலுள்ள வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் வழங்குமாறு 2019இல் தீர்ப்பாயிற்று. பணம் நட்டத்துக்கு ஈடாகலாம்; நிலத்தடி நீரைக் கழுவித் துடைத்து மீண்டும் கிணற்றில் ஊற்ற எந்தத் தீர்ப்பாலும் இயலாது.

இன்னொன்றும் கூறுகின்றேன். யாழ்ப்பாண நகரின் நீர்க்குழாய்களுக்கு நெடுங்காலமாக நீர் ஊட்டி வந்தவை திருநெல்வேலியிலும் கோண்டாவிலிலும் உள்ள கிணறுகள். அவ்விரண்டும் மாநகர எல்லைக்குள் இல்லை. நல்லூர்ப் பிரதேச சபைப் பகுதியில் உள்ளன. நகரத்தார் குடித்தது கிராமத்து நீர். மாநகர எல்லைக்கல்லை நாம் வீதியோரத்திலே காணலாம். நிலத்தின் கீழ் ஓடும் நீர் அதனைக் கண்டதில்லை.

ஓர் ஏக்கர் செம்மண்ணின் கதை

இனிக் காணிக்கு வருவோம். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த நகர அபிவிருத்தி அதிகார சபை, தன் ஆளுகைக்குட்பட்ட பகுதிகளுக்கு அபிவிருத்தித் திட்டம் வகுக்கின்றது. இது குடியிருப்பு வலயம், இது வர்த்தக வலயம் என்று நிலத்தை வகைப்படுத்துகின்றது. கட்டட வரைபடங்களுக்கு அனுமதி வழங்கும் அன்றாட வேலை உள்ளூராட்சி மன்றங்களின் கையில் விடப்பட்டுள்ளது. ஒரு பகுதி குடியிருப்பிலிருந்து வர்த்தகத்துக்கு மாற்றப்பட்டால் அங்கே காணி விலை ஏறும். விலை ஏறியவுடன் வீடு கட்ட வேண்டியவர் அங்கே நிற்க இயலாது. நகரின் விளிம்பைத் தாண்டிச் செம்மண் தோட்டங்களைத் தேடிப் போவார். நகரத்து மேசையில் மாறிய நிறம், கிராமத்துத் தோட்டத்திலே வேலியாக முளைக்கின்றது.

ஓர் ஏக்கர்த் தோட்டக் காணியை எடுத்துக்கொள்ளுங்கள். அது 16 பரப்பு. ஒழுங்கைக்கு 2 பரப்பை ஒதுக்கி, எஞ்சிய 14 பரப்பை இரண்டு இரண்டு பரப்பாகப் பிரித்தால் 7 துண்டுகள். ஏழு வீடு, ஏழு கிணறு, ஏழு மலக்குழி. இரண்டு பரப்பு என்பது 5,445 சதுர அடி. சதுரமாக வெட்டினால் ஒரு பக்கம் ஏறக்குறைய 74 அடி. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 50 அடியேனும் வேண்டுமென்பது நம் ஊர்களில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் அளவு. 74 அடிக் காணியிலே தன் கிணற்றை ஒரு கோடியிலும் தன் குழியை மறு கோடியிலும் ஒருவர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அயலவருடைய குழி எங்கே? அவரும் தம் காணியின் மறு கோடியிலேதான் வைத்திருக்கின்றார். அது இவருடைய கிணற்றடி.

இங்கேதான் நிருவாகத்தின் கண் மறைகின்றது. ஏழு வீட்டு வரைபடங்களும் ஏழு வேறு நாள்களில் வருகின்றன. தனித்தனியே பார்க்குமிடத்து ஒவ்வொன்றும் விதிப்படி சரியே. ஏழையும் ஒருங்கே ஒரு தாளில் வைத்துப் பார்ப்பவர் எவருமில்லை. சுண்ணக்கல்லோ ஏழையும் ஒருங்கேதான் பார்க்கின்றது.

நெற்காணிக்குச் சட்டத்தின் காவல் ஓரளவு உண்டு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, அனுமதியின்றி வயலை நிரப்புதல் குற்றமாகும். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் செம்மண் தோட்டத்துக்கு அத்தகைய காவல் கிட்டவில்லை. குடாநாட்டின் மிகச் சிறந்த மண் எதுவோ அதுவே மிக எளிதில் வீட்டுக் காணியாகின்றது.

காணியை விற்றவரை நான் குறைகூற வரவில்லை. மகளுக்குச் சீதனம், மகனுக்குப் பிரயாணச் செலவு, வங்கிக் கடன் என்று அவருக்கு ஆயிரம் நெருக்கடி. வாங்கியவரையும் குறைகூற இயலாது. போரிலே வீடிழந்து பல ஆண்டுகள் அலைந்து வந்தவருக்கு ஒரு கூரை வேண்டும். இருவரும் தத்தம் வரையில் நியாயமானவர்களே. இருவருக்கும் இடையில் நிலத்தடி நீரின் சார்பாக ஒருவர் பேசல் வேண்டும். அந்த ஒருவர் மன்றமே. மன்றம் பேசுகின்றதா?

வருமானம் எங்கே, செலவு எங்கே?

மன்றம் பேசாதிருப்பதற்கு ஒரு காரணம் அதன் வரவுசெலவுப் புத்தகத்திலேயே இருக்கின்றது. உள்ளூராட்சி மன்றத்தின் வருமானம் சோலைவரி, கடை வாடகை, உரிமக் கட்டணம் முதலியனவாம். இவற்றோடு, காணி கைமாறும்போது செலுத்தப்படும் முத்திரைத் தீர்வையும் மாகாணத்தின் வழியாக மன்றத்துக்கு வந்து சேருகின்றது. ஆகவே தோட்டம் துண்டாகி ஏழு முறை கைமாறினால் ஏழு முறை தீர்வை. ஏழு வீடு எழுந்தால் ஏழு வரைபடக் கட்டணம். பின்பு ஆண்டுதோறும் ஏழு சோலைவரி. இவையனைத்தும் வரவுப் பக்கத்தில் எழுதப்படுகின்றன. அத்தோட்டம் ஒவ்வொரு மாரியிலும் உறிஞ்சிக் கீழே அனுப்பிய மழைநீர் எப்பக்கத்திலும் எழுதப்படவில்லை. ஏழு குழிகளிலிருந்து கீழே இறங்குவதும் எழுதப்படவில்லை.

கணக்கில் எழுதப்படாத நட்டம் நட்டமன்று என்று எண்ணுவது மனித இயல்பு. ஐந்து சதம் பிழைத்தாற்கூடக் கணக்காய்வாளர் கேட்பார். ஒரு குளம் தூர்ந்தால் எந்தக் கணக்காய்வாளர் கேட்பார்? 2021இல் ஆரியகுளம் திருத்தப்பட்டபோது மக்கள் மகிழ்ந்தார்கள், அம்மகிழ்ச்சி நியாயமானது. எனினும் குளம் என்பது மாலையில் காற்று வாங்கும் இடம் மாத்திரமன்று. அது நம் கிணறுகளுக்கு நீர் இறங்கும் வாய். அவ்வாயை மண்ணிட்டு மூடிய இடங்களில், 2024 கார்த்திகை வெள்ளத்தைப் போன்ற வெள்ளம் வரும்போது நீர் தன் பழைய இடத்தைத் தேடி வீட்டுக்குள்ளே வருகின்றது. மாரியில் வெள்ளமும் கோடையில் உவரும் ஒரே தவற்றின் இரு முகங்கள்.

இரணைமடுவிலிருந்து தாளையடி வரை

"கிணறு கெட்டால் என்ன? குழாயில் நீர் வருமே" என்று சிலர் கூறுவர். அவர்களுக்காக அண்மைக்கால வரலாற்றைச் சற்று நினைவூட்டுகின்றேன். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு 2010இல் யாழ்ப்பாணம் – கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டம் வகுக்கப்பட்டது. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருதல் அதன் முதல் எண்ணம். கிளிநொச்சி நெற்செய்கையாளர் எதிர்த்தார்கள். சிறுபோகத்துக்கே நீர் போதாத குளத்திலிருந்து குடாநாட்டுக்கு எவ்வாறு கொடுப்பது என்று கேட்டார்கள். தமிழரும் தமிழரும், குடிநீரும் வயல்நீரும் எதிரெதிரே நின்ற கசப்பான காலம் அது. இறுதியில் அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. வடமராட்சி கிழக்கிலே தாளையடியிற் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டப்பட்டு, 2024 ஆகஸ்டு மாதத்தில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தருவது அதன் கொள்ளளவு.

இது பெரும் வசதி. இதனை நான் இகழவில்லை. ஆனால் இவ்வசதியின் விலையை அறிந்துகொள்ளல் வேண்டும். இத்தகைய முறையிலே 1 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்க மின்சாரம் 3 அலகேனும் வேண்டும். முழுக் கொள்ளளவில் நிலையம் இயங்கினால் நாளொன்றுக்கு 72,000 அலகு. மழை நமக்கு இலவசமாகத் தந்ததைக் கெடுத்துவிட்டு, அதனையே கடலிலிருந்து காசுக்கு வாங்குகின்றோம். குடிப்பதற்கு அவ்வாறு வாங்கலாம். வெங்காயத்துக்கு வாங்க இயலுமா? தாளையடி நீரால் நகரத்து வீடு பிழைக்கும். கமக்காரன் தோட்டம் பிழைக்காது. அவனுக்குக் கிணற்றைத் தவிர வேறு கதியில்லை.

இதனினும் முக்கியமான ஒன்று உண்டு. வீட்டுக்குள் வரும் நீர் வீட்டுக்குள் நின்றுவிடுவதில்லை. வீடு பெறும் நீரில் நூற்றுக்கு 80 வீதம் கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு. 24,000 கனமீற்றர் உள்ளே வந்தால் 19,000 கனமீற்றருக்கு மேல் வெளியே போகும். எங்கே போகும்? நகர் முழுவதற்குமான கழிவுநீர்க் குழாயமைப்பு யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆகவே அது குழிக்குப் போகும். குழியிலிருந்து சுண்ணக்கல்லுக்குப் போகும். நீர்க்குழாயை வீட்டுக்குள் கொண்டுவந்து, கழிவுக்குழாயை மறந்துவிட்ட நகரம், தன் கிணற்றின்மேல் குழாயைத் திறந்துவிட்ட நகரமாகும்.

குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளதை ஆய்வாளர் பல முறை கண்டு கூறியுள்ளனர். குடிநீரில் 1 இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. புட்டிப்பால் குடிக்கும் பச்சிளங் குழந்தைக்கு அது மிகுந்தால் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலுக் குன்றும். வைத்தியர்கள் இதனை அறிவார்கள். இக்கேடு மலக்குழியிலிருந்தும் வருகின்றது; நாம் அளவின்றிக் கொட்டும் யூரியாவிலிருந்தும் வருகின்றது. ஆதலால் நகரத்தான் கமக்காரனையும் கமக்காரன் நகரத்தானையும் சுட்டிக்காட்டிக் காலங்கழிக்க இடமில்லை. கொடுப்பவரும் குடிப்பவரும் இருவருமே.

வாக்கெடுப்பும் வரவுசெலவும்

யாழ்ப்பாண மாநகர சபை 1949இல் தோன்றியது. இன்று 45 உறுப்பினரைக் கொண்டது. வரவுசெலவுத் திட்டம் இருமுறை தோற்றால் முதல்வர் பதவியிழக்க நேரிடும் என்பதை அண்மைக்காலத்தில் நாம் நேரிற் கண்டோம். 2020 மார்கழியில் அவ்வாறே ஒரு முதல்வர் பதவியிழந்தார். 2022 மார்கழியில் வரவுசெலவுத் திட்டம் தோற்றதும் அடுத்த முதல்வர் விலகினார். எவர் பக்கம் எத்தனை கை உயர்ந்தது என்பதைப் பத்திரிகைகள் எழுதின. நாமும் ஆவலோடு படித்தோம். கழிவகற்றலுக்கு எவ்வளவு, குளத்துக்கு எவ்வளவு, வாய்க்காலுக்கு எவ்வளவு என்று எத்தனை பேர் கேட்டோம்? திட்டம் வென்றதா தோற்றதா என்பதை அறிந்தோம். திட்டத்துக்குள் என்ன இருந்தது என்பதை அறிந்தோமில்லை.

பின்பு அதனினும் மோசமான காலம் வந்தது. 2023 பங்குனியில் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. அவ்வாண்டு நடக்கவேண்டிய தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போடப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆந் திகதியே தேர்தல் நடந்தது. இடையில் இரண்டு ஆண்டுகள் மக்கள் பிரதிநிதி ஒருவரேனும் இல்லாமல் நகரங்கள் நடந்தன. 2024க்கும் 2025க்கும் உரிய வரவுசெலவுகள் அவ்வாறே எழுதப்பட்டன. உத்தியோகத்தர்கள் தம் கடமையைச் செய்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆயினும், "ஏன் இவ்வாறு?" என்று கேட்டு வாக்கால் தண்டிக்கும் உரிமை மக்களிடம் இருக்கவில்லை.

அவ்வுரிமை இல்லாதபோது என்ன நேரிடும் என்பதற்கு அமெரிக்க நாட்டிலே பிளின்ட் என்னும் நகரம் சான்று. அந்நகரம் கடனில் மூழ்கியபோது, மாநில அரசு நியமித்த அவசரகால நிருவாகியின் கையில் அதிகாரம் சென்றது. செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்பிரலில் நீர் பெறும் இடத்தை மாற்றிப் பிளின்ட் ஆற்று நீரைக் குழாயில் விட்டார்கள். குழாய் அரிக்காதிருக்கச் சேர்க்கவேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து குழந்தைகளின் உடம்பில் ஏறியது. 2015 பங்குனியில் நகர சபை 7 வாக்குக்கு 1 வாக்காகப் பழைய நீருக்கே திரும்ப வேண்டுமெனத் தீர்மானித்தது; நிருவாகி அதனை ஏற்கவில்லை. அவ்வாண்டு ஐப்பசியிலே திரும்பினார்கள். அதற்குள் கேடு நிகழ்ந்துவிட்டது. வரவுசெலவிலே ஒரு வரியைக் குறைத்தவர்கள் தாம் நீரைத் தொட்டதாக எண்ணவில்லை. பணக்கார நாட்டிலேயே இது நடந்ததென்றால், நாம் எவ்வளவு விழிப்பாயிருக்கவேண்டும்!

நாம் கேட்க வேண்டியவை

குறை கூறி அமர்ந்துவிட நான் வரவில்லை. நம் கைக்கு எட்டியவற்றை மாத்திரம் கூறுகின்றேன்.

முதலாவது, வரவுசெலவுத் திட்டம் வாக்கெடுப்புக்கு வருமுன் மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றது. அந்நாள்களிலே சென்று பாருங்கள். நீரைத் தொடும் செலவுகள் யாவும், அதாவது குளம், வாய்க்கால், கழிவகற்றல், மலக்கழிவைச் சுத்திகரித்தல் என்பன, ஒரே பக்கத்தில் தொகுத்துக் காட்டப்பட வேண்டுமெனக் கேளுங்கள். விடை கிடையாவிடின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கின்றது. அதற்குச் சட்டத்தரணி வேண்டியதில்லை. ஒரு தாளும் கையொப்பமும் போதும்.

இரண்டாவது, காணியின் பயன்பாட்டை மாற்றும் எந்த முடிவும் நீர்பற்றிய அறிக்கையின்றி எடுக்கப்படலாகாது. ஒரு காணி பல துண்டாகும்போது, அத்துண்டுகளின் கிணறுகளும் குழிகளும் ஒரே வரைபடத்தில் முதலிலேயே குறிக்கப்படல் வேண்டும். ஏழு வீட்டுக்குப் பொதுவாக ஒரு நல்ல கழிவுத்தொட்டி அமைத்தல் ஏழு கெட்ட குழிகளிலும் மேலானது.

மூன்றாவது, மாநகர சபையும் அயலிலுள்ள பிரதேச சபைகளும் நிலத்தடி நீருக்காக ஒருங்கே கூடுதல் வேண்டும். வடக்கு மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது. அது கூடினாலன்றி மன்றங்கள் கூட இயலாது என்பதில்லை. உறுப்பினர் ஒருவரையொருவர் அழைத்து ஒரு மேசையில் இருக்க எந்தச் சட்டமும் தடையில்லை. கட்சி மானமே தடை.

நான்காவது நமக்கே உரியது. கமக்காரர் மண்ணைச் சோதித்துப் பசளை இடல் வேண்டும். பயிர் கேட்பதற்கு மேல் இறைத்தலும் இடுதலும் தம் பேரனின் கிணற்றிலிருந்து கடன் வாங்குதலாகும். பொறியியலாளரும் கணக்காளரும் சட்டத்தரணிகளும் ஆண்டுக்கு ஒரு கிழமையைத் தம் ஊர் மன்றத்தின் வரவுசெலவைப் படிப்பதற்குக் கொடுத்தல் வேண்டும். படித்ததை எளிய தமிழில் வாசிகசாலையிலே எடுத்துச் சொல்லல் வேண்டும். சோலைவரியைத் தவணைக்கு முன் கட்டிக் கழிவு பெறுவதிலே நாம் காட்டும் கவனத்தில் பாதியை, அவ்வரி எங்கே செலவாகின்றது என்று கேட்பதிலே காட்டினாற் போதும்.

அன்பர்களே! நம் முன்னோர் இக்கல் நிலத்திலே கையால் கிணறு வெட்டினார்கள். பங்குக் கிணற்றில் யாருக்கு எந்த நாள் இறைப்பு முறை என்று உறுதியிலே எழுதி வைத்தார்கள். ஆறில்லாத நாட்டில் ஆற்றோரத்து மக்களுக்கு நிகராக அவர்கள் விளைவித்ததற்கு அவ்வொழுங்கே காரணம். அது சிறு அளவில் நடந்த ஆட்சி. இன்று குடாநாடு முழுவதும் ஒரு பங்குக் கிணறு. மன்றங்கள் அதன் பங்காளிகள். வரவுசெலவுத் திட்டமும் வலய வரைபடமும் நாம் எழுதும் புதிய உறுதிகள். அவற்றைப் படியாமலே கையொப்பமிடும் பங்காளிகளாய் நாம் இருத்தலாகாது.